சண்டை ஓய்ந்த ஊரில் அமைதி வந்துவிட்டதென்று எதை வைத்துச் சொல்வது?

கோபிக்காரன்: பவானிசாகர் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். 2009 மே மாதமே இலங்கையில் போர் முடிந்ததே, திரும்பிப் போகலாமே என்று கேட்டுத் தொலைத்தேன். "காணியை விடட்டும், பிறகு பாப்பம்" என்றார், ராணுவம் பிடித்து வைத்திருக்கும் தன் நிலத்தைச் சொல்கிறார். அப்படியென்றால் அமைதியை அளப்பதற்கு அளவுகோல் ஏதாவது இருக்கிறதா?

நொய்யல்கரை: இருக்குதுங்க. உலக அமைதிக் குறியீடு 163 நாடுகளை 23 அளவைகளில் பார்க்கிறது. ஆனால் கடைசியில் நாட்டுக்கு ஒரே எண்தான், போர் நடந்த வடக்கு முல்லைத்தீவுக்கும் தெற்கே இருக்கும் காலி நகருக்கும் சேர்த்து. பொள்ளாச்சி மழையையும் காங்கேயம் மழையையும் கூட்டி வகுத்த மாதிரி.

தறிக்காரர்: சாவு எண்ணிக்கை குறைந்தால் மட்டும் போதாதுங்க, பயத்தில் வாய் மூடிக் கிடக்கும் ஊரிலும் அது குறையும். போலீசில் புகார்கள் கூடினால் சில இடங்களில் அது நல்ல அறிகுறி, சனங்களுக்கு நம்பிக்கை வந்து ஸ்டேஷன் படி ஏறுகிறார்கள் என்று அர்த்தம். கொலம்பியாவில் அரசும் கிளர்ச்சிக்காரர்களும் போட்ட 2016 அமைதி ஒப்பந்தத்தை 578 வாக்குறுதிகளாகப் பிரித்து எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கிறார்கள். அது உருப்படியான வேலை. இன்னொரு வழி, அந்த ஊர்க்காரர்களையே கேட்பது: ராத்திரி அந்நிய ஆள் நடமாட்டத்தில் நாய் குரைக்கிறதா, இருட்டினபின் வெளியே போக முடிகிறதா என்று. நம் தோட்டத்தில் ராத்திரி முறைத் தண்ணீர் பாய்ச்சத் தனியாகப் போகிறோமே, அந்தத் தைரியம் அங்கே இருக்கிறதா?

கோபிக்காரன்: சரிங்ண்ணா, அப்போ பெரியவரின் அளவுகோல் காணிதான். அடுத்த வாரம் போகும்போது அது எத்தனை பரப்பு (அவங்க ஊர் நில அளவு) என்று கேட்கிறேன்.