6174இல் எல்லா எண்களும் வந்து நிற்பது ஏன்?

செம்பூர்வாசி:
ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஏதேனும் ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்து, அதன் இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும்; விடைக்கும் அதையே செய்துகொண்டு போனால் 6174 வந்துவிடும். அதன்பின் 7641இல் 1467 போக மறுபடியும் 6174தான். நாங்கள் போட்டுப் பார்த்தவற்றுள் 2111 மட்டும் இடறியது: 1112 போக 999, அடுத்து 999இல் 999 போகப் பூச்சியம். இது விதிவிலக்கா? ஆயிரக்கணக்கான எண்களையும் சோதிக்காமல் இதை நிறுவ முடியுமா?

மாட்டுங்கா கணக்காசிரியர்:
விதிவிலக்கு அன்று. 999ஐ 0999 என்று நான்கு இலக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். 9990இல் 0999 போக 8991. அங்கிருந்து 8082, 8532, பிறகு 6174. நான்கு இலக்கங்களும் ஒன்றேயான 1111, 2222 போன்றவை மட்டுமே பூச்சியமாகிவிடும்.

நிறுவும் வழி மிக அழகானது. இறங்கு வரிசையில் எழுதியபின், முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை 999ஆலும், நடுவிலுள்ள இரண்டின் வேறுபாட்டை 90ஆலும் பெருக்கிக் கூட்டினால் கழித்தலின் விடை கிடைத்துவிடும். 7641இல் அந்த வேறுபாடுகள் 6, 2. ஆகவே 5994உம் 180உம் சேர்ந்து 6174. வெளி வேறுபாடு 1 முதல் 9 வரைதான் இருக்க முடியும், நடு வேறுபாடு அதை மிஞ்ச முடியாது என்பதால், எந்த எண்ணில் தொடங்கினாலும் முதல் கழித்தலுக்குப் பின் வரக்கூடிய விடைகள் மொத்தம் 54தான். அவற்றிலும் ஒரே இலக்கங்கள் இடம் மாறி நிற்பவற்றை ஒன்றாக எண்ணினால் 30 மிஞ்சும். அந்த முப்பதையும் மகளையே கையால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே முழுமையான நிறுவல். ஏழு படிகளுக்கு மேல் எதற்கும் தேவைப்படாது.

முலுண்ட் வாசகர்:
இதைக் கண்டவர் நம் பக்கத்து மனிதர் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். இன்று நம் மும்பைப் புறநகர் ரயில் போய் முடியும் தஹாணுவில் 1905இல் பிறந்து, நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர், 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார். அந்த 1949ஐயே போட்டுப் பாருங்கள்: 8442, 5994, 5355, 1998, 8082, 8532, 6174. சரியாக ஏழு படிகள், அதாவது இருப்பதிலேயே நீண்ட வழி! தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தவரும் அவரே. 6174உம் அந்த வகைதான்: இலக்கங்களின் கூட்டுத்தொகை 18, வகுத்தால் 343, அதாவது 7இன் கனம்.

செம்பூர்வாசி:
இருவருக்கும் நன்றி. மகள் இப்போது ஐந்து இலக்கத்துக்குத் தாவிவிட்டாள். 53955, 59994 என்று இரண்டுக்கிடையே மாறி மாறி வருகிறது என்கிறாள். கணக்குச் சரிதானா?

மாட்டுங்கா கணக்காசிரியர்:
மிகச் சரி. மூன்று இலக்கத்தில் 495 என்று ஒரே புள்ளியில் நிற்கும். ஐந்து இலக்கத்தில் அப்படி நிற்கும் எண்ணே கிடையாது. மூன்று சுழற்சிகள் உண்டு, அவள் கண்டது அவற்றுள் சிறியது. மற்ற இரண்டிலும் நான்கு நான்கு எண்கள் உள்ளன. 61974இல் தொடங்கினால் ஒன்று, 62964இல் தொடங்கினால் இன்னொன்று.