வேகம் ஏறியது, பாட்டு நின்றதா? அமெரிக்க டெத் மெட்டல் பற்றி ஒரு விவாதம்

தாழ்சுருதி:
2000க்குப் பிறகு வந்த அமெரிக்க டெக்னிக்கல் டெத் மெட்டலில் (உறுமல் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட டெத் மெட்டலின் சிக்கலான வாசிப்புக் கிளை) பெரும்பகுதி வாசிப்புத் திறமையைக் காட்டுகிறதே தவிர, பாட்டாக நிற்கவில்லை என்பது என் கட்சி. வேகம் பிடிக்காமல் இதைச் சொல்லவில்லை. டெத் இசைக்குழுவின் 'சிம்பாலிக்' (1995) ஆல்பத்தில் 'கிரிஸ்டல் மவுண்டன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன் ஹோக்லன் டிரம்ஸில் செய்வது எதுவும் சுலபமில்லை. ஆனாலும் தொடக்க ரிஃப் (சிறு கிட்டார் சொற்றொடர்) எது, பல்லவி எது, எது எங்கே திரும்புகிறது என்று முதல் தடவை கேட்பவருக்கே பிடிபடுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. காகிதத்தில் ஒவ்வொரு ரிஃப்புக்கும் ஓர் எழுத்துக் கொடுங்கள். க, ச, க, ட, ச, க என்று வந்தால் பாட்டு. க, ச, ட, த, ப, ம, ய, ர என்று நாலு நிமிடம் போய், ஒன்றுகூடத் திரும்பாவிட்டால் அது வெறும் ரிஃப் பட்டியல்.

மெட்ரோனோம்:
நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது. 'ஸ்க்ரீம் பிளடி கோர்' (1987) காலத்து சக் ஷுல்டினரிடமிருந்து (டெத்தின் தலைவர்) 'கிரிஸ்டல் மவுண்டன்' வந்திருக்காது. நடுவில் 'ஹியூமன்' (1991) வந்தது. சினிக் குழுவிலிருந்து டிரம்ஸுக்கு ஷான் ரைனர்ட்டும் கிட்டாருக்கு பால் மாஸ்விடலும் வந்தார்கள், பேஸில் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) ஸ்டீவ் டிஜியார்ஜியோ. பின்னால் டிரம்ஸில் இருப்பவர் எந்தத் தாளத்துக்கும் ஈடுகொடுப்பார் என்று தெரிந்த பிறகுதான் ரிஃப் எழுதுபவருக்குத் துணிச்சல் வருகிறது.

ஏதீஸ்ட் குழுவின் 'அன்குவெஸ்ச்சனபிள் பிரசன்ஸ்' (1991) இன்னும் தெளிவான சாட்சி. அதில் பேஸ் பகுதிகளை அமைத்த ரோஜர் பேட்டர்சன் பதிவுக்கு முன்பே விபத்தில் இறந்துபோனார். டோனி சாய் வந்து வாசித்தார். அந்த பேஸை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. அங்கே திறமையும் பாட்டமைப்பும் இரண்டு பொருள் அல்ல.

இரட்டைமிதி:
டிரம்ஸ் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு. 240 பிபிஎம் (நிமிடத்துக்கு 240 தாள அடி) வேகத்தில் பதினாறாம் பங்கு நோட்டு (ஓர் அடிக்கு நாலு) என்றால் நொடிக்கு 16. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 62.5 மில்லிநொடி. பி சுருதிக்கு இறக்கிய தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 62 முறை அதிர்கிறது. அதாவது ஒரு நோட்டுக்கு முழுசாக நாலு அதிர்வுகூட இல்லை. அது எந்தச் சுரம் என்று காது முடிவெடுப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

ஒரே நோட்டை எட்டு முறை டிரெமலோவாக (மேலும் கீழும் விரைவாக) அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் அரை நொடி கிடைக்கிறது, சுரம் பதிகிறது. மார்பிட் ஏஞ்சலின் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்' (1989) அவ்வளவு வேகத்திலும் புரிவதற்கு இது முக்கியக் காரணம். ஒவ்வோர் அடிக்கும் சுரத்தை மாற்றி, அதையும் அடிக்கம்பியிலேயே ஓட்டினால் எழுதியவருக்கு மட்டும்தான் அது ரிஃப். அதே ஓட்டத்தை மூன்றாவது, நாலாவது கம்பிக்கு ஏற்றிப் பாருங்கள், உடனே தெளியும்.

மெட்ரோனோம்:
கணக்கு சரி, முடிவு அவசரம். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்ட கிட்டாரில் காது அந்த 62 ஹெர்ட்ஸை மட்டும் நம்பியிருப்பதில்லை. 124, 186, 248 என்று மேலே வரும் மேற்சுரங்களில் இருந்தும் சுரத்தைப் பிடிக்கிறது. அவை மங்குவது பெரும்பாலும் பதிவில் செய்யும் தவறுகளால். கெயினை (டிஸ்டார்ஷனின் அளவு) ரிகர்சல் அறையில் வைத்த அளவிலேயே விடுகிறார்கள். பாதியாகக் குறைத்தால் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியில் படும் ஓசை வெளியே வரும். கனமாக இருக்கட்டும் என்று ரிதம் கிட்டாரை நாலு டேக் (தனித்தனியாக வாசித்த பதிவு) அடுக்குகிறார்கள். இந்த வேகத்தில் நாலு டேக்கிலும் பத்துப் பத்து மில்லிநொடி விலகினால் நோட்டின் முனை மழுங்கிவிடும். இடதில் ஒன்று, வலதில் ஒன்று போதும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டாரை வெட்டி, அந்த இடத்தை பேஸுக்கு விட வேண்டும். கேனிபல் கார்ப்ஸில் அலெக்ஸ் வெப்ஸ்டர் மூன்று விரலால் ரிஃப்பைத் தொடர்வது கேட்கிறதென்றால், அவருக்கு அந்த இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

தாழ்சுருதி:
மிக்ஸ் தெளிந்தாலும் நினைவில் நிற்க வேண்டுமே நண்பரே. பதினைந்து ரிஃப்பும் பளிச்சென்று கேட்டு, பதினைந்தும் மறந்துபோகிற ஆல்பங்கள் நிறைய இருக்கின்றன.

டாம்பா89:
இருவருமே வேகத்தைத்தான் திறமை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒபிட்சுவரியின் 'காஸ் ஆஃப் டெத்' (1990) கேளுங்கள். ரிஃப்கள் எளிமையானவை, ஆரம்ப நிலை கிட்டாரிஸ்ட்டுக்கும் விரல் எட்டும். ஆனால் டிரம்மர் டொனால்ட் டார்டி ஸ்னேரை (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) ஒரு மயிரிழை பின்னால் வைத்து அந்த ரிஃப்பை இழுத்துப் பிடிப்பதைப் போலிசெய்பவர்களால் கொண்டுவர முடிவதில்லை. வேகம் 200இலிருந்து 100க்கு இறங்கும்போது அடிகளுக்கு நடுவே இடைவெளி இரட்டிப்பாகிறது. பதற்றத்தில் டிரம்மர் அதை நிரப்பப் பார்ப்பார், ஃபில் சேர்ப்பார், முன்னால் ஓடுவார். கனம் போய்விடும். மெதுவான பகுதிக்கும் மெட்ரோனோம் (சீரான கிளிக் கொடுக்கும் தாளக் கருவி) பயிற்சி வேண்டும். அதுவும் கிளிக்கை ஒன்று, மூன்றில் மட்டும் வைத்து.

அடுத்து, சஃபோகேஷன். 'எஃபிஜி ஆஃப் தி ஃபர்காட்டன்' (1991) லாங் ஐலண்ட் ஆட்கள் ஃப்ளோரிடாவுக்கு வந்து, டாம்பாவில் மோரிசவுண்ட் ஸ்டுடியோவில், தயாரிப்பாளர் ஸ்காட் பர்ன்ஸிடம் பதிவு செய்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு சிக்கலாக வாசித்தவர்கள் குறைவு. இருந்தும் 'லீஜ் ஆஃப் இன்வெராசிட்டி'யில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது எது? வேகம் சட்டென்று அறுந்து, பாம் மியூட்டில் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி) கனமாக விழும் அந்த பிரேக்டவுன். பிறகு ஸ்லாம் என்று ஒரு கிளையே அதிலிருந்து முளைத்தது. முன்னால் வரும் நெரிசல்தான் அதற்குப் பலம் கொடுக்கிறது. பிரேக்டவுனை மட்டும் வெட்டி எடுத்துப் பாட்டு முழுக்க வைத்தவர்களிடம் அந்த அடி விழவில்லை. விழுவதற்கு உயரம் இல்லை.

தாழ்சுருதி எழுத்துக் கொடுக்கும் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்கு டீசைடின் 'லீஜியன்' (1992) இருக்கிறது. மொத்தமே அரை மணி நேரத்துக்கும் குறைவு. ரிஃப் மேல் ரிஃப்பாக அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் பாடகர் கிளென் பென்டனின் குரல் தாளத்தோடு பூட்டிக்கொண்டு வருகிறது. அந்த வரிகளின் சந்தம்தான் பாட்டைச் சேர்த்துக் கட்டுகிறது. குரலை யாரும் பாட்டமைப்பில் சேர்ப்பதே இல்லை.

மெட்ரோனோம்:
குரல் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. எளிமை என்றாலே நல்ல பாட்டு என்ற நினைப்பும் போக வேண்டும். இன்கேன்டேஷனின் 'ஆன்வர்ட் டு கொல்கோதா' (1992) பாணியில் இன்று வருகிற குழுக்களைக் கேளுங்கள். அடிக்கம்பியில் டிரெமலோ, இரண்டாவது நிமிடத்தில் கட்டாயம் ஒரு மெதுவான பகுதி, குரல் மேல் கிணற்றளவு ரிவெர்ப் (எதிரொலி). ரிஃப்கள் திரும்புகின்றன, க-ச-க தேர்வில் முழு மதிப்பெண். அப்படியும் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. இதற்கு மருந்து இம்மோலேஷன். 'குளோஸ் டு எ வேர்ல்ட் பிலோ' (2000) ஆல்பத்தில் கிட்டாரிஸ்ட் ராபர்ட் விக்னாவின் ரிஃப்களை வேறு யாருடையது என்றும் சொல்ல முடியாது. உரசும் சுரங்களை நிறுத்தி, வளைத்து, இசையாத இடத்தில் விட்டுவிடுகிறார். அதற்குத் தனிக் கை வேண்டும்.

இரட்டைமிதி:
இன்னொன்றும் பாட்டைக் கெடுக்கிறது. டபுள் கிக் (இரண்டு கால் மிதியால் அடிக்கும் பெரிய டிரம்) முழுவதையும் ஒரே சாம்பிளால் (முன்பே பதிந்த ஒலி) மாற்றி, எல்லா அடியையும் கணினியின் தாளக் கட்டமான கிரிட்டில் ஒட்டி, எல்லாவற்றுக்கும் உச்ச சத்தம் வைப்பது. விளைவு தட்டச்சுப் பொறிச் சத்தம். வேகமான பகுதியும் மெதுவான பகுதியும் ஒரே கனத்தில் வந்தால், டாம்பா89 சொன்ன வீழ்ச்சி எங்கே கேட்கப்போகிறது? மைக்கில் பதிவான உண்மையான கிக்கைப் பாதியாவது கலந்து வையுங்கள். நாலைந்து சாம்பிள்களை மாற்றி மாற்றிப் போடுங்கள். பிளாஸ்ட் (டிரம்ஸ் இடைவிடாமல் பொழியும்) பகுதியில் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கி, மெதுவான பகுதிக்கு முழுசாக விடுங்கள்.

தாழ்சுருதி:
சரி, எழுதும் மேசையில் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். நாலு பார் (ஒரு பாருக்கு நாலு அடி) ரிஃப் ஒன்றை மட்டும் எடுங்கள். 200 பிபிஎம்மில் முதல் நாலு சுற்று ஸ்கேங்க் பீட்டில் (கிக்கும் ஸ்னேரும் மாறி மாறி வரும் வேகத் தாளம்). அடுத்த நாலு பிளாஸ்ட்டில், கிட்டார் ஒரு நோட்டுகூட மாறாமல். பிறகு டிரம்ஸ் பாதி வேகத்துக்கு இறங்கட்டும், கிட்டார் அதே வேகத்தில் இருக்கட்டும். கடைசிச் சுற்றில் நாலாவது பாரின் முடிவை மட்டும் மாற்றி அடுத்த ரிஃப்புக்கு வழிவிடுங்கள். ஒரே ரிஃப்பில் ஒரு நிமிடம் நகர்ந்துவிடும், கேட்பவருக்கு அலுக்காது. புது ரிஃப் தேவையா என்று அதற்குப் பிறகு பாருங்கள்.

மெட்ரோனோம்:
நல்ல பயிற்சி. ஆனால் ரிஃப் முழுசாகத் திரும்பினால்தான் பாட்டு என்ற நிபந்தனையை நான் ஏற்கவில்லை. டென்வரின் பிளட் இன்கேன்டேஷன் 2019 ஆல்பத்தில் கடைசிப் பாட்டு 18 நிமிடம். அதைப் பல்லவி, சரணம் என்று அளக்க முடியாது. சுரங்களுக்கு இடையே உள்ள தூரம் திரும்பினாலும் காது பிடித்துக்கொள்ளும். அரைச் சுரம் ஏறி, அங்கிருந்து ட்ரைடோன் (ஆறு அரைச் சுரத் தூரம்) தாவும் மூன்று நோட்டை முதல் ரிஃப்பில் வைத்துவிட்டு, சோலோவிலும் பேஸிலும் வெவ்வேறு இடத்தில் தூவலாம்.

தாழ்சுருதி:
தூவலாம், ஆனால் 240இல் அந்தத் தூரத்தை யார் பிடிப்பார்கள்? இரட்டைமிதி போட்ட கணக்கு அப்படியே இருக்கிறது. தாளத்தை வைத்துக்கொண்டு சுரத்தை மாற்றுங்கள். டக-டக-டக்க, நிறுத்தம், டக்க. இந்த அச்சு திரும்பினால், மேலே எந்த மூன்று நோட்டை வைத்தாலும் தலை தானாக ஆடும்.

மெட்ரோனோம்:
அந்த நிறுத்தத்தில் கிட்டார், பேஸ் வாசிக்கும் மூன்று பேரும் ஒரே நொடியில் கம்பியை அடைக்க வேண்டும். வலது உள்ளங்கை மட்டும் போதாது. இடது கை விரல்களையும் கம்பி மேல் படுக்க வைக்காவிட்டால் டிஸ்டார்ஷன் இரைச்சல் நிறுத்தத்தை நிரப்பிவிடும். நீங்கள் கேட்கும் பாட்டமைப்புக்கு நான் கேட்கும் கைதான் வேண்டியிருக்கிறது.