அம்மா அப்பா சென்னையில இருந்தா அமெரிக்காவுல கிளியரன்ஸ் வேலை கிடைக்குமா?

இப்போ லீவுல நங்கநல்லூர்ல அம்மா வீட்டுல இருந்துதான் டைப் பண்றேன். குடும்பம் மொத்தமும் சென்னையில இருக்கு, அமெரிக்க டிஃபென்ஸ் கம்பெனில ஆஃபர் வந்தா கிளியரன்ஸ் (அரசாங்க ரகசியங்கள பாக்க அமெரிக்க அரசாங்கம் தர்ற அனுமதி) தருவாங்களான்னு தம்பி தங்கச்சிங்க பல பேர் கேக்குறீங்க. தருவாங்க. எனக்கு தந்தாங்க. ஆனா அமெரிக்க சிட்டிசன் ஆகியிருக்கணும், க்ரீன் கார்டு போதாது, நாமளா அப்ளை பண்ணவும் முடியாது, வேலை குடுக்குறவங்கதான் ஸ்பான்சர் பண்ணணும்.

கிளியரன்ஸுக்கு எஸ்எஃப்-86ன்னு ஒரு ஃபார்ம் நிரப்பணும். பெத்தவங்க, கூடப்பிறந்தவங்க, மாமனார் மாமியார்னு ஒவ்வொருத்தருக்கும் பிறந்த தேதி, ஊர், எந்த நாட்டு குடியுரிமை, எங்க வேலை பாத்தாங்க, எத்தனை நாளைக்கு ஒருக்கா பேசுறீங்க வரைக்கும் கேக்கும். என் மாமியார் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சரா ரிட்டையர் ஆனவங்க, அதையும் எழுதினேன். எங்க அம்மாவுக்கு ஜாதகத்துல ஒரு தேதி, ஸ்கூல் சர்டிஃபிகேட்ல வேற தேதி, நம்ம வீடுகள்ல இது சகஜம்தானே, பாஸ்போர்ட்ல இருக்கிறத போட்டுட்டு வித்தியாசம் ஏன்னு ரெண்டு வரி விளக்கம் எழுதிட்டேன். பேர்லயும் இதே கதைதான், மார்க்‌ஷீட்ல வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, ரெண்டையும் சொல்லணும்.

சித்தி பசங்க, அத்தை பசங்க அந்த லிஸ்ட்ல வரமாட்டாங்க, ஆனா கடந்த 7 வருஷத்துல நெருக்கமா தொடர்ந்து பழகியிருந்தா அவங்களுக்கு தனி செக்‌ஷன் இருக்கு. வேளச்சேரில ஃப்ளாட், என்ஆர்ஓ அக்கவுன்ட் (வெளிநாட்டுல இருக்கிறவங்க இந்தியாவுல வச்சிருக்கிற பேங்க் அக்கவுன்ட்), ஊருக்கு போயிட்டு வந்த தேதி எல்லாம் கேப்பாங்க, அதனால இந்தியன் பாஸ்போர்ட்ட சரண்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு பக்கம் விடாம ஸ்கேன் பண்ணி வைங்க ப்ளீஸ்.

சொந்தக்காரங்க வெளிநாட்டுல இருக்கிறதே தப்புன்னு கிளியரன்ஸ் தர்றவங்க பாக்குறதில்ல. அங்க இருக்கிறவங்கள வச்சு யாராவது உங்கள மிரட்டி காரியம் சாதிக்க முடியுமாங்கிறதுதான் கேள்வி, அதுக்கு அது எந்த நாடு, அந்த சொந்தக்காரருக்கு அரசாங்கத்தோட என்ன தொடர்பு, உங்களுக்கு அமெரிக்காவுல வீடு வேலை புள்ளைங்கன்னு எவ்வளவு வேர் இருக்குன்னு சேத்துதான் எடை போடுவாங்க.

எனக்கு தெரிஞ்ச ஒருத்தர், தன்னோட அண்ணன் இந்தியன் ஆர்மில இருக்காரேன்னு பயந்து அவர் பேரையே விட்டுட்டார். கிளியரன்ஸ் இன்டர்வியூல தெரிஞ்சுபோச்சு. அண்ணனால வேலை போகல, மறைச்சதாலதான் போச்சு, எனக்கு இன்னும் மனசு ஆறல. தெரிஞ்சே பொய் எழுதினா 5 வருஷம் வரைக்கும் ஜெயில் போடுற சட்டமும் இருக்கு, பயத்துல யாரையும் விட்டுடாதீங்க.

இறந்தவங்களையும் எழுதணும். எங்க அப்பா பிறந்த தேதி அம்மாவுக்கே சரியா ஞாபகம் இல்ல, பீரோவுல புடவைக்கு அடியில இருந்த அவரோட பென்ஷன் புக்க எடுத்து பாத்துதான் எழுதினேன். பெரியவங்க இருக்கும்போதே கேட்டு குறிச்சு வச்சுக்கோங்க.