இஷ்யூ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது? (அவசரம்)

கொட்டாஞ்சேனை_மகள்
வணக்கம். இஷ்யூ என்றால் தமிழில் என்ன? பிரச்சினை என்று போட்டால் வசனம் சரிவரவில்லை. போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியும் அதையேதான் தருகிறது. நாளைக் காலைக்குள் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தெகிவளை_தம்பி
எந்த வசனம் அக்கா? அடையாள அட்டை, பாஸ்போர்ட் என்றால் 'வழங்கிய திகதி' என்பதில் வரும் 'வழங்கிய' தான் அது.

அச்சுக்கூடம்
சஞ்சிகை விஷயமாக இருக்கும். மார்ச் இஷ்யூ என்றால் மார்ச் இதழ். 'இதழ்' என்று போடுங்கள், பிழைக்காது.

பங்குவர்த்தகன்
கம்பனிக் கடிதமா? பங்கு வெளியீட்டுக்கும் இதே சொல்தான். ரைட்ஸ் இஷ்யூ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'உரிமைப் பங்கு வழங்கல்'.

சொல்லாய்வன்
இங்கே பல வருடமாகச் சொல்லி வருகிறேன், வசனத்தைத் தராமல் சொல்லை மட்டும் கேட்காதீர்கள். ஆங்கிலத்தில் சின்னச் சொற்களுக்குத்தான் பொருள் அதிகம். 1989-இல் வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள். பிறகு 'ரன்' அதையும் முந்திவிட்டது. வினையாக வரும்போதே 645 என்றார்கள். இஷ்யூ அந்த அளவுக்கு இல்லைத்தான், ஆனால் எல்லாப் பொருளும் ஒரே வேரிலிருந்து வந்தவை. 'வெளியே போ' என்ற லத்தீன் வினை பழைய பிரெஞ்சு வழியாக வந்து இப்படி ஆனது. எக்ஸிட்டும் அதே லத்தீன் வினையிலிருந்துதான். வெளியே வந்த தாள் இதழ், வெளியே விட்ட பங்கு வெளியீடு. அகராதியில் முதலில் இருப்பதை எடுத்து ஒட்டுவதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு இல்லை. வசனத்தைப் போடுங்கள்.

கொட்டாஞ்சேனை_மகள்
மன்னிக்க வேண்டும், வேலையில் இருந்தேன். ஒரு காணி உறுதி. 'டை வித்அவுட் இஷ்யூ' என்று வருகிறது. பிரச்சினை இல்லாமல் செத்தால் என்று அம்மாவுக்கு எப்படி வாசிப்பது?

தெகிவளை_தம்பி
கடன், வழக்கு ஒன்றும் இல்லாமல் இறந்தால் என்று இருக்குமோ? காணி என்றால் அப்படித்தானே எழுதுவார்கள்.

புதுக்கடை_கிளாக்கர்
இல்லைத் தம்பி. வழக்கு விசாரணையில் இரு தரப்பும் எழுப்புகிற கேள்விகளுக்கும் இஷ்யூ என்றுதான் பெயர். அதனால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் உறுதியில் 'டை' பக்கத்தில் வந்தால் அது வயிற்றுப் பிள்ளை வழி. 'சந்ததியின்றி இறந்தால்' என்று பொருள்.

தங்கச்சி, சில விபரம் வேண்டும். உறுதி எந்த வருடம்? நன்கொடை உறுதியா, சீதன உறுதியா? சீவிய உரித்து, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமை, யாருக்காவது ஒதுக்கியிருக்கிறதா? இறந்தவருக்கு யார் யார் இருக்கிறார்கள்? அந்தப் பந்தியை முழுதாகத் தட்டச்சு செய்து போடுங்கள். பெயர்கள் வேண்டாம்.

ஓய்வுபெற்ற_ரீச்சர்
கிளாக்கர் சொல்வது சரி. பழைய ஆங்கில வேதாகமத்தில் மத்தேயு 22:25-இல் ஏழு சகோதரர் கதையில் இதே சொல் வருகிறது. தமிழில் அதைச் 'சந்தானமில்லாததினால்' என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். அதே மத்தேயு 9:20-இல் ஆங்கிலத்தில் இஷ்யூ என்று இருப்பது தமிழில் 'பெரும்பாடு', அதாவது இரத்தப்போக்கு. ஒரே சுவிசேஷத்தில் ஒரே சொல், இரண்டு இடத்திலும் மொழிபெயர்த்தவர் தடுமாறவில்லை. மகள், 'சந்தானம்' என்றே போடுங்கள்.

சென்னை_வாசகன்
இதற்கு ஏன் இவ்வளவு? 'வாரிசு இல்லாமல்' என்று போட்டால் எல்லோருக்கும் புரியும்.

புதுக்கடை_கிளாக்கர்
அது பிழையாகப் போகும் ஐயா. உங்கள் ஊர் வாரிசுச் சான்றிதழில் மனைவி பெயரும் வருகிறது அல்லவா? இங்கும் பொதுச் சட்டத்தில், 1876-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கு. ஆகவே மனைவி வாரிசுதான். ஆனால் மனைவி 'இஷ்யூ' இல்லை. 'வாரிசு இல்லாமல்' என்று எழுதினால் மனைவி இருக்கும்வரை அந்த நிபந்தனை கிளம்பாது என்று ஆகிவிடும். உறுதி எழுதியவர் சொன்னது அதுவல்ல.

பங்குவர்த்தகன்
யாழ்ப்பாணத்தார் என்றால் பொதுச் சட்டம் எங்கே வருகிறது? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைதானே.

தெகிவளை_தம்பி
வீடு கொழும்பில் என்றால் தேசவழமை செல்லாது.

பங்குவர்த்தகன்
செல்லும். 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண, உரிமைவழிக் கட்டளைச் சட்டம் ஆளைப் பார்த்து வருவது. காணி வெள்ளவத்தையில் இருந்தாலும் ஆள் தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால் உரிமைவழியும் அதன்படிதான். வடமாகாணக் காணிக்கு மட்டும் என்பது முன்வாங்கும் உரிமை, அதாவது காணி விற்கும்போது பங்காளி போன்றவர்கள் முதலில் வாங்கும் உரிமை. நீங்கள் இரண்டையும் குழப்புகிறீர்கள்.

சொல்லாய்வன்
கேட்டவர் சட்டம் கேட்கவில்லை, சொல் கேட்டார். 'சந்தானம்' இன்றைக்கு ஆள் பெயராகத்தான் காதில் விழும். 'சந்ததி' சரி. 'பிள்ளையின்றி' இன்னும் எளிது.

ஓய்வுபெற்ற_ரீச்சர்
சந்தானம் எங்கள் வீட்டில் இன்றும் புழங்குகிற சொல். காதில் எப்படி விழ வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_மகள்
1958 உறுதி, ஆங்கிலத்தில். அம்மாவின் தகப்பன் பெரிய மாமாவுக்கு நன்கொடையாக எழுதியது. மாமா 'இஷ்யூ' இல்லாமல் இறந்தால் அவருடைய சகோதரிகளுக்கு என்று இருக்கிறது. மாமா போன மாதம் தவறிவிட்டார். அவருக்கு ஒரே மகள், அவ மாமாவுக்கு முன்பே போய்விட்டா. அவவின் மகன் இருக்கிறான், ஏ.எல். படிக்கிறான். நாளைக்கு எல்லோரும் கூடுகிறார்கள். மாமாவுக்குப் பிள்ளை இல்லைத்தானே, அப்ப எங்களுக்குத்தானே என்று அம்மா கேட்கிறா. 'பிள்ளையின்றி' என்றே எழுதட்டுமா?

புதுக்கடை_கிளாக்கர்
தங்கச்சி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 'பிள்ளையின்றி' என்று எழுதவே வேண்டாம். இஷ்யூ என்பது பிள்ளையோடு நிற்பதில்லை. பேரன், பூட்டன் என்று நேரே இறங்கும் வழி முழுவதும் அதற்குள் வரும். 'பிள்ளையின்றி' என்று வாசித்தால் மாமா இறந்த அன்று பிள்ளை இல்லை, காணி உங்கள் அம்மாவுக்கும் சின்னம்மாமாருக்கும் என்று கூட்டத்தில் எல்லோரும் நினைப்பார்கள். 'சந்ததியின்றி' என்று வாசித்தால் பேரன் சந்ததி, அந்த நிபந்தனை கிளம்பாது. ஒரு சொல்லில் அந்தப் பெடியனின் பங்கு போய்விடும்.

இங்கிலாந்திலும் இந்த வாசகம் தொல்லை கொடுத்திருக்கிறது. இறக்கும் நேரத்தில் சந்ததி இல்லாமையா, எப்போதாவது வழி அற்றுப்போவதா என்று வழக்காடினார்கள். உயில்களைப் பொறுத்தவரை 1837-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இறக்கும் நேரம் என்று பொருள்கொள்ளச் சொல்லி முடித்தார்கள்.

இன்னொன்று. 'இன்னாருக்கு, அவருக்குப் பின் இன்னாருக்கு' என்று கட்டி வைக்கும் உறுதிகளை எங்கள் சட்டத்தில் பிதேயிகொமிசம் என்பார்கள். 1972-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் அவற்றை ஒழித்துவிட்டது. உங்கள் உறுதி அதற்குள் விழுந்தால் சகோதரிகளுக்கு என்ற வரிக்கே இன்று வேலை இல்லாமல் போகலாம். காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அதற்கு முன் யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

சொல்லாய்வன்
பேரன் இருக்கும்போது 'சந்ததி' தான். கிளாக்கர் சொல்வதை ஏற்கிறேன்.

சென்னை_வாசகன்
எங்கள் பக்கம் 'உறுதி'யைப் பத்திரம் என்போம். நீங்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

அச்சுக்கூடம்
இங்கே அது உறுதிதான். அடுத்த சண்டை வேண்டாம்.

கொட்டாஞ்சேனை_மகள்
'சந்ததியின்றி' என்று எழுதி, பேரனும் அதற்குள் வருவான் என்று சொல்லி வாசித்தேன். சின்னம்மாவுக்குக் கோபம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மாமாவின் பேரனையும் சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டா. எல்லோருக்கும் நன்றி.

புதுக்கடை_கிளாக்கர்
நல்லது. பதிவகத்தில் 1958-க்குப் பிறகு வேறு உறுதி ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தீர்களா?