பாட்டிலை யார் கையில் கொடுப்பது?

குழு: வள்ளிமலை உறவுகள்
காணும் பொங்கல், மாலை 6.48

ஆற்காடு அண்ணன்: எல்லோரும் இருக்கிறீர்களா? ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மா, நீ கோபப்படாதே. நேற்று என் அக்கவுண்டிலிருந்து 3,700 ரூபாய் போய்விட்டது.

குடியாத்தம் பெரியம்மா: எப்படிப் போச்சு? யாருக்கு அனுப்பினாய்?

ஆற்காடு அண்ணன்: நேற்று பெங்களூரிலிருந்து மச்சானும் அவர் நண்பர்களும் வந்திருந்தார்கள். திருவள்ளுவர் தினம், மதுக்கடை லீவு. ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ‘வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, வீட்டுக்கே டெலிவரி, விடுமுறை நாளிலும் உண்டு’ என்று போட்டிருந்தது. கடைப் பலகை படம், பாட்டில் படம், விலைப் பட்டியல் எல்லாம் இருந்தது. போன் செய்தேன். பாதிப் பணம் முன்பணம் என்றான், 1,200 போட்டேன். பிறகு டெலிவரி பதிவுக்கு 500, பாட்டிலோடு திரும்பத் தந்துவிடுவோம் என்றான். அதையும் போட்டேன்.

நான்: மிச்சம் 2,000?

ஆற்காடு அண்ணன்: ஒரு மணி நேரம் ஆகியும் ஆள் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். ஒரு கியூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும் என்றான். போட்டேன். வரவில்லை, 2,000 போனது. அப்புறம் போனையே எடுக்கவில்லை.

நான்: அண்ணா, பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் செய்தாயா?

ஆற்காடு அண்ணன்: இல்லை. வாங்கியது சரக்கு. போலீஸிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது.

நான்: முதலில் போன் செய். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. ஏற்கனவே ஒரு நாள் ஆகிவிட்டது. மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

மாலை 7.05

சத்துவாச்சாரி மாமா: மாப்பிள்ளை, இப்போதுதான் படித்தேன். இத்தனை வருஷம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், தமிழ்நாட்டில் மதுவை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க யாருக்கும் அனுமதி கிடையாது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில் மட்டும்தான். கிளப்புகளுக்கும் நட்சத்திர ஹோட்டல்களுக்கும் தனி உரிமம் உண்டு. அவர்களும் அங்கேயே வைத்துப் பரிமாறுவதோடு சரி.

ஆற்காடு அண்ணன்: மாமா, அந்த விளம்பரத்தில் ஒரு பேப்பர் கட்டிங் இருந்தது. வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஹைகோர்ட்டே சொல்லிவிட்டதாக. அதை நம்பித்தான் போட்டேன்.

சத்துவாச்சாரி மாமா: அந்தச் செய்தி பாதி உண்மை. அதனால்தான் உன் மாதிரி படித்தவனும் நம்பிவிடுகிறான். 2020 மே 7, ஊரடங்கு நேரம். கடைகளைத் திறந்தார்கள், எங்கு பார்த்தாலும் கூட்டம். மறுநாள் மே 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது, ஆன்லைனில் விற்று வீட்டுக்கு அனுப்புவதற்குத் தடையில்லை என்றது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போய் மே 15 அன்று அந்த உத்தரவுக்குத் தடை வாங்கியது. கடைகளை மறுபடி திறந்தார்கள். வீட்டு டெலிவரி வரவே இல்லை. அதே 2020இல் ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் அனுமதித்தன, நம் மாநிலம் அனுமதிக்கவில்லை.

குடியாத்தம் பெரியம்மா: நம் ஊரில் ஒரு காலத்தில் மதுவே கூடாது என்று எங்கள் அப்பா சொல்வார்.

சத்துவாச்சாரி மாமா: ஆமாம் அக்கா. 1937இல் சேலத்தில் மதுவிலக்கு தொடங்கியது, 1939இல் நம் வட ஆற்காட்டுக்கு வந்தது. இன்றைக்கும் அந்த 1937ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்தான் எல்லாம் நடக்கிறது. விற்பதும் அதில்தான், பிடிப்பதும் அதில்தான்.

குடியாத்தம் பெரியம்மா: டேய், பணம் போனதுகூடப் பரவாயில்லை. எவனோ ஒருத்தன் நிஜமாகவே ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால்? அதில் என்ன ஊற்றியிருந்தான் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் விருந்தாளிகளை வைத்துக்கொண்டு!

சத்துவாச்சாரி மாமா: அக்கா சொல்வதுதான் பெரிய விஷயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதே மாதம் சட்டத்தைத் திருத்தினார்கள். கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை உண்டு, அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது. நம் ஆணைக்கட்டுப் பக்கம் மலையில் சாராய ஊறல் பிடித்து அழித்ததாக எத்தனை தடவை பேப்பரில் படிக்கிறோம். மூடி சீல் இருக்கிறது என்று நம்பக் கூடாது, மூடியும் லேபிளும்கூடப் போலியாக அடிக்கிறார்கள்.

இரவு 7.31

காட்பாடி சித்தி: நீங்கள் பேசப் பேச எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சிட்னியில் என் பிள்ளை இந்த வேலையைத்தானே செய்கிறான்? படிக்கப் போன இடத்தில் வீடு வீடாக பாட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். நாளைக்கு ஏதாவது கேஸ் என்றால் என்ன செய்வது அண்ணா?

சிட்னி தம்பி: அம்மா, இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். இங்கே மணி ஒன்று. திங்கள் முதல் சனி வரை ஆர்டர் செய்த அன்றே தரும் டெலிவரி நள்ளிரவோடு முடிய வேண்டும், ஞாயிறு என்றால் 11 மணிக்கே. அதுவும் சட்டம்தான். 2021 ஜூலையிலிருந்து எங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கென்றே தனி விதிகள் இருக்கின்றன.

காட்பாடி சித்தி: சாப்பிட்டாயா?

சிட்னி தம்பி: சாப்பிட்டேன் அம்மா. அண்ணா, அந்த விளம்பரத்தில் லைசென்ஸ் எண் இருந்ததா?

ஆற்காடு அண்ணன்: இல்லை. போன் நம்பர் மட்டும்தான்.

சிட்னி தம்பி: இங்கே ஆன்லைனில் மது விற்பவர் தன் லைசென்ஸ் எண்ணை இணையதளத்தில் போட்டாக வேண்டும். வாங்குபவரிடம் பிறந்த தேதி கேட்க வேண்டும். உன்னிடம் வயது கேட்டானா?

ஆற்காடு அண்ணன்: வயதா? அட்ரஸைக்கூட இரண்டாவது தடவை பணம் போட்ட பிறகுதான் கேட்டான்.

சத்துவாச்சாரி மாமா: இங்கே கடையில் வாங்கவே 21 வயது ஆக வேண்டும்.

சிட்னி தம்பி: இங்கே 18 மாமா. ஆனால் வயதை ஆர்டரில் எழுதிவிட்டால் போதாது, வாசலில் நான் பார்க்க வேண்டும். கடைக்கே வந்து எடுத்துக்கொண்டாலும் கவுண்டரில் பார்ப்பார்கள். பார்க்க 25க்குக் கீழ் தெரிந்தால் அட்டை கேள் என்பது எங்கள் கடை விதி. சின்னப் பிள்ளைக்கு விற்றால் 11,000 டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. அதனால்தான் அம்மா, வேலைக்குச் சேரும் முன்பே கட்டாயப் பயிற்சி முடித்தேன்.

காட்பாடி சித்தி: கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் அடிக்க வர மாட்டார்களா?

சிட்னி தம்பி: போன வாரம் ஒரு வீட்டில் ஒரு பையன் கதவைத் திறந்தான். காலில் சாக்ஸ் மட்டும், கையில் கேம் ரிமோட். அப்பா ஆர்டர் செய்தது, அவர் குளிக்கிறார், கொடுங்கள் என்றான். அப்பா வரட்டும் என்றேன். அவன் உள்ளே போய்விட்டு வந்து, வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார் என்றான். அன்றே தரும் டெலிவரியை ஆளில்லாமல் வைத்துவிட்டு வரக் கூடாது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கடையில் திருப்பிக் கொடுத்து, மறுத்த காரணத்தைப் பதிவு செய்தேன்.

நான்: அந்த டெலிவரிக்குக் காசு?

சிட்னி தம்பி: வந்தது அக்கா. சிறுவர் என்றோ போதையில் இருக்கிறார் என்றோ மறுத்தால் டெலிவரி ஆளின் காசில் கை வைக்கக் கூடாது, அதையும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் பத்து டாலருக்காக எத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள்! இன்னொரு நாள் ஒருவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். பேர் கேட்டால் சொல்ல வரவில்லை. அவருக்கும் கொடுக்கவில்லை. கத்தினார். மனசு கஷ்டமாக இருந்தது, ஆனால் கொடுத்துவிட்டு வந்திருந்தால் அன்று தூங்கியிருக்க மாட்டேன்.

குடியாத்தம் பெரியம்மா: நல்ல பிள்ளை.

சிட்னி தம்பி: பெரியம்மா, இன்னொன்றும் உண்டு. எனக்கு இனி விற்காதீர்கள் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கலாம். அதன் பிறகு அவருக்கு அன்றே தரும் டெலிவரியில் விற்கக் கூடாது.

குடியாத்தம் பெரியம்மா: இது இங்கே இருந்திருந்தால் நம் பக்கத்து வீட்டுக்காரம்மா தன் புருஷனிடம் கெஞ்சியாவது கையெழுத்து வாங்கியிருப்பாள்.

சத்துவாச்சாரி மாமா: நாளைக்கே இங்கே அனுமதி கொடுத்தாலும் இதெல்லாம் சேர்ந்து வர வேண்டும். வாசலில் முகம் பார்க்காமல் வீட்டுக்குள் மதுவை அனுப்புவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். காட்பாடியில் எவ்வளவு மாணவர்கள் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். 18, 19 வயதுப் பிள்ளைகள்.

காட்பாடி சித்தி: சரிப்பா, நீ போய்த் தூங்கு. நாளைக்குக் காலையில் போன் செய்கிறேன்.

இரவு 8.14

ஆற்காடு அண்ணன்: 1930க்குப் பேசிவிட்டேன். என்ன வாங்கினீர்கள் என்று திட்டவே இல்லை. எந்த நேரம், எந்த யுபிஐ ஐடி, எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள். புகார் எண் வந்துவிட்டது. நாளை காலை வங்கிக்குப் போய் எழுதிக் கொடுக்கிறேன்.

நான்: ஸ்க்ரீன்ஷாட், கால் லாக் எதையும் அழிக்காதே அண்ணா.

ஆற்காடு அண்ணன்: அழிக்கவில்லை. அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. லிங்க் போடுகிறேன், யாரும் போன் செய்யாதீர்கள், ரிப்போர்ட் மட்டும் செய்யுங்கள்.

நான்: செய்துவிட்டேன்.

சத்துவாச்சாரி மாமா: நானும். எங்கள் தெருக் குழுவிலும் போட்டிருக்கிறேன்.

குடியாத்தம் பெரியம்மா: எனக்கு எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. காலையில் வந்து செய்து கொடுடா.