கூடம் கோணலா, கை கோணலா: ஸ்டிக்குக்கு சான்வா மாற்றுவது வீண் செலவா?

நடுநிசி ஆட்டக்காரன்

கைமாறி வந்த ஆர்கேட் ஸ்டிக் (திசைக்கு ஒரு லீவர், அடிக்குப் பட்டன்கள் உள்ள பெட்டி) ஒன்றில் எட்டு மாதமாக ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை ஆட்டம் ஆடுகிறேன். திரையின் இடப்பக்கம் நின்றால் ஷோர்யூகென் என்ற எகிறிக் குத்தும் அடி (லீவரை முன், கீழ், முன்-கீழ் மூலை என்று ஓட்ட வேண்டும்) பத்துக்கு எட்டு வருகிறது. வலப்பக்கம் மாறி நின்றால் நான்கு தேறினால் அதிகம். என் ஆள் கென் சும்மா ஒரு குத்து விட்டுவிட்டு அடி வாங்குகிறார். இது போதாதென்று மீடியம் பஞ்ச் பட்டனை ஒரு தடவை தட்டினால் இரண்டு தடவை விழுகிறது.

சான்வா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஜேஎல்எஃப் லீவர் ஒன்று, ஓபிஎஸ்எஃப்-30 பட்டன் எட்டு வாங்கி மொத்தமாக மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். கூட ஆடும் நண்பன், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சிரிக்கிறான். மாற்றலாமா, வேண்டாமா?

பழைய கட்டை

நண்பர் சொன்னதுதான் சரி. ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் நான்கு என்றால் அது கை. எல்லோருக்கும் ஒரு பக்கம் சுலபமாக வரும், மறுபக்கம் இழுக்கும். இடக்கையால் லீவரை வலப்பக்கம் தள்ளுவதும் இடப்பக்கம் இழுப்பதும் மணிக்கட்டுக்கு ஒரே வேலை இல்லை.

பயிற்சி முறையில் இன்புட் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு லீவரை மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். எட்டுத் திசையும் வந்தால் லீவர் நல்லாத்தான் இருக்கிறது. மிச்சம் பயிற்சி. பட்டன் வேறு விஷயம், அது ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

மைக்ரோஸ்விட்ச்

கட்டை அண்ணே, அந்தச் சோதனை பாதிதான் சொல்லும். லீவருக்குள் எட்டு ஸ்விட்ச் கிடையாது, நான்குதான். மூலை என்பது இரண்டு ஸ்விட்ச் ஒரே நேரத்தில் அழுந்தியிருக்கும் இடம். இடதுக்கான ஸ்விட்ச் தேய்ந்தோ நகர்ந்தோ கொஞ்சம் தாமதமாக அழுந்துகிறது என்று வையுங்கள். நேர் இடது ஒழுங்காக வரும். கீழ்-இடது மூலை மட்டும் ஒடுங்கிப்போகும். மெதுவாகச் சுற்றினால் அந்த ஒடுங்கிய இடத்தையும் தொட்டுவிட்டுத்தான் போவோம். ஆட்ட வேகத்தில் தாண்டிவிடுவோம். அப்போது கீழே இருந்து நேரே இடதுக்குப் போனதாகத்தான் ஆட்டத்துக்குத் தெரியும்.

ஆகவே ஒரு பக்கம் மட்டும் தவறுவதை வைத்து கை மேல் பழி போட முடியாது.

மாற்றும் வேலையும் பெரிதில்லை. ஜேஎல்எஃப்பில் நான்கு ஸ்விட்சும் ஒரே சின்ன சர்க்யூட் போர்டில் உட்கார்ந்திருக்கும். வெளியே வருவது ஐந்து ஊசி இணைப்பு ஒன்றுதான்: நான்கு திசை, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட். பட்டன்களும் சோல்டரிங் இல்லாமல் செருகிக் கழற்றும் வகை. 2009இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 கன்சோலுக்கு வந்தபோது மேட் கேட்ஸ் கம்பெனி இரண்டு ஸ்டிக் விட்டது. விலை கூடியதில் சான்வா பாகம், குறைந்ததில் சாதாரண பாகம். குறைந்ததை வாங்கி சான்வா மாற்றியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோருக்கும் ஆடத் தெரியாது என்றா சொல்கிறீர்கள்?

பழைய கட்டை

அவர்களில் எத்தனை பேர் மாற்றிய பிறகு நன்றாக ஆடினார்கள் என்று சொல்லுங்கள் தம்பி. நானும் மாற்றியவன்தான். முதல் வாரம் கை தேன் போல ஓடியது. இரண்டாம் வாரம் அதே தப்பு, கொஞ்சம் மென்மையான சத்தத்தோடு.

போர்டு பைத்தியம்

இரண்டு பேரும் மேல் பலகையிலேயே நிற்கிறீர்கள். அடியில் இருந்து ஆட்டத்துக்குச் செய்தி அனுப்பும் போர்டை யார் பார்ப்பது? ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம், ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி நொடி. பழைய போர்டு 125 ஹெர்ட்ஸில் பேசினால் 8 மில்லி நொடிக்கு ஒரு தடவைதான் செய்தி போகும். 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி நொடி. ஆர்பி2040 சில்லு உள்ள சின்ன போர்டில் ஜிபி2040-சிஇ ஃபர்ம்வேரை (போர்டை இயக்கும் மென்பொருளை) ஏற்றினால் போதும், அது இலவசம்தான்.

பழைய கட்டை

போர்டு தாமதம் இடப்பக்கத்துக்கு ஒரு நியாயம், வலப்பக்கத்துக்கு ஒரு நியாயம் என்று பார்க்குமா?

போர்டு பைத்தியம்

பார்க்காதுதான். ஆனால் கழற்றுவது கழற்றுகிறார், அதையும் பார்க்கட்டும் என்றேன். ஒரே ஒரு எச்சரிக்கை: கன்சோலில் ஆடுகிறவர் போர்டை மாற்றுமுன் யோசிக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத போர்டை பிளேஸ்டேஷன் 4 எட்டு நிமிடத்தில் துண்டித்துவிடும். கணினி என்றால் அந்தத் தொல்லை இல்லை.

ரப்பர் லீவர்

மாற்றுவது என்று முடிவானால் எதற்கு ஜேஎல்எஃப்? கொரிய லீவர் பாருங்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர், கையை விட்டதும் நடுவுக்கு வெடுக்கென்று திரும்பும். டெக்கன் என்ற சண்டை ஆட்டத்தில் முன், நடு, கீழ், முன்-கீழ் என்று விடாமல் ஓட்டுகிறவர்களுக்கு அந்த "நடு" முக்கியம்.

மைக்ரோஸ்விட்ச்

அவர் ஆடுவது ஸ்ட்ரீட் ஃபைட்டர், அதற்கு மூலைதான் முக்கியம். ஜேஎல்எஃப்போடு வரும் சதுர கேட்டில் (லீவரின் அசைவுக்கு எல்லை போடும் சட்டம்) மூலை கைக்கே தெரியும், லீவர் அங்கே போய் உட்காரும். கொரிய லீவரில் அப்படி உட்கார இடமில்லை. உயரமும் வேறு, பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று அளக்காமல் வாங்கக் கூடாது.

நடுநிசி ஆட்டக்காரன்

கட்டை அண்ணன் சொன்ன சோதனை செய்தேன். மெதுவாகச் சுற்றினால் எட்டும் வருகிறது. வேகமாகச் சுற்றினால் கீழ்-இடது மட்டும் அவ்வப்போது காணாமல் போகிறது. ஆனால் அது என் கை ஒழுங்காகச் சுற்றாததாலும் இருக்கலாமே? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மைக்ரோஸ்விட்ச்

செலவே இல்லாமல் பார்க்கலாம். உங்கள் லீவரில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தனி வயர் போகிறதா? அப்படியென்றால் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, லீவரை மட்டும் 180 டிகிரி திருப்பி மாட்டுங்கள். வயர்கள் பெட்டியில் இருந்த அதே பக்கத்திலேயே இருக்கட்டும். திருப்பிய பிறகு அந்தந்தப் பக்கம் எந்த ஸ்விட்ச் வந்ததோ அதில் செருகுங்கள். இப்போது பழைய இடது ஸ்விட்ச் வலதுக்கு வேலை செய்யும். கோளாறு திரையின் மறுபக்கம் போனால் லீவர். இருந்த இடத்திலேயே இருந்தால் கட்டை அண்ணன் ஜெயித்தார்.

உள்ளே பார்க்கும்போது ஒன்று குழப்பும். லீவரை இடப்பக்கம் சாய்த்தால் தண்டின் அடிப்பாகம் வலப்பக்கம்தான் போகும். இடதுக்கான ஸ்விட்ச் வலது ஓரத்தில் இருக்கும். முதல் தடவை திறந்தபோது வயர் எல்லாம் மாறிக் கிடக்கிறது என்று நான் "சரிசெய்து" தொலைத்தேன்.

திறந்ததும் முதல் வேலை ஃபோனில் படம் எடுப்பது.

பழைய கட்டை

இந்தச் சோதனைக்கு நான் சம்மதம். பட்டனுக்கும் ஒரு வார்த்தை: வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முனையில் இருக்கும் உலோகச் செருகியை மூக்குக் குறடால் பிடித்து, லேசாக ஆட்டி ஆட்டிக் கழற்றுங்கள். நான் அவசரத்தில் இழுத்து ஸ்விட்சின் தகட்டையே பிய்த்தவன். இரண்டு தகட்டில் எதில் எந்த வயர் என்று கவலை வேண்டாம், எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். கிரவுண்ட் வயர் மட்டும் பட்டனுக்குப் பட்டன் தாவிப் போகும். நடுவில் ஒன்று கழன்றால் அதற்கு அப்புறம் உள்ள பட்டன்கள் கூட்டமாகச் செத்துப்போகும். அதைப் பார்த்துவிட்டு போர்டு போச்சு என்று அழ வேண்டாம்.

எட்டும் மாற்றாதீர்கள், ஒன்று போதும்.

மைக்ரோஸ்விட்ச்

ஒன்றை மட்டும் மாற்றினால் ஏழு பட்டன் கெட்டியாகவும் ஒன்று பூப்போலவும் இருக்கும். சான்வா பட்டன் விரலை வைத்தாலே அழுந்துகிற ரகம். பட்டன் மேல் விரலை ஓய்வாக வைக்கும் பழக்கம் இருந்தால் முதல் சில நாள் கேட்காத குத்தெல்லாம் வரும். கொஞ்சம் எதிர்ப்பு வேண்டுமென்றால் செய்மிட்சு கம்பெனி பட்டன் பாருங்கள். எதுவானாலும் எட்டும் ஒரே ரகமாக இருக்கட்டும்.

பழைய கட்டை

இப்படித்தான் ஒன்றில் ஆரம்பித்து எட்டில் வந்து நிற்கும். அப்புறம் கெட்டி ஸ்பிரிங், எண்கோண கேட், லீவர் தலைக்கு வேறு நிறத்தில் பந்து. கடைசியில் பழைய ஸ்டிக்கில் பழையது என்று மிஞ்சுவது பெட்டி மட்டும்தான்.

நடுநிசி ஆட்டக்காரன்

திருப்பி மாட்டி, பக்கத்துக்கு ஐம்பது முறை போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் நின்று ஐம்பதுக்கு முப்பத்தொன்று. இடப்பக்கம் நின்று இருபத்தெட்டு. முன்பு பத்துக்கு எட்டு வந்த பக்கம் அது.

மைக்ரோஸ்விட்ச்

இடப்பக்கம் விழுந்துவிட்டது பாருங்கள். லீவர்தான்!

பழைய கட்டை

வலப்பக்கம் முப்பத்தொன்றுதானே வந்தது? நல்ல ஸ்விட்ச் கிடைத்தும், பத்துக்கு எட்டு என்ற கணக்கில் நாற்பதைத் தொடவில்லையே. அந்த ஒன்பது யாருடையது?

மைக்ரோஸ்விட்ச்

சரி, ஒன்பது கைக்கு. மிச்சம் லீவருக்கு. லீவரை வாங்கட்டும், பயிற்சியும் செய்யட்டும்.

பழைய கட்டை

லீவர் வாங்கட்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பட்டன் ஒன்றுதான்.

நடுநிசி ஆட்டக்காரன்

லீவர் ஒன்று, பட்டன் எட்டு என்று ஆர்டர் சொல்லிவிட்டேன். அண்ணன் மன்னிக்கவும். வருகிற வரைக்கும் பழையதைச் சுத்தம் செய்யலாமே என்று தண்டைக் கழற்றப் பார்த்தேன். அடியில் தண்டைப் பிடித்துக்கொள்ளும் ஒரு குட்டி இ-கிளிப் இருந்தது. சப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். "டிங்" என்று ஒரு சத்தம் கேட்டது, கிளிப்பைக் காணவில்லை.

மைக்ரோஸ்விட்ச்

ஐயோ, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். லீவரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத்தான் நெம்ப வேண்டும்.

பழைய கட்டை

விளக்கை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பாருங்கள். கிளிப்பின் நிழல் நீளமாகத் தெரியும். என்னுடையது கட்டில் காலுக்குப் பின்னால் கிடைத்தது, மூன்றாம் நாள்.