வர்தாவுக்கு அப்புறம் உங்க தெருவுல என்ன முளைச்சது?

மந்தைவெளிக்காரன்:

வர்தா புயல் சென்னையை அடிச்ச நாள், 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. நோட்டு செல்லாம ஏடிஎம் வாசல்ல நின்னுட்டிருந்த நேரம், ஞாபகம் இருக்கும். எங்க தெருவுல அன்னைக்குக் காலைல பதினோரு மரம் இருந்தது. பாதி இயல்வாகை, மிச்சம் தூங்குமூஞ்சியும் குல்மோகரும். மத்தியானம் வரைக்கும் மூணு விழுந்தது. அப்புறம் காத்து சட்டுனு நின்னுடுச்சு. புயலோட கண்ணு நம்ம தலைக்கு மேல போகுதுன்னு யாருக்குத் தெரியும்? முடிஞ்சுதுன்னு நெனச்சு எல்லாரும் வாசலுக்கு வந்தோம். எதிர்வீட்டுத் தாத்தா ஸ்கூட்டர் மேல கெடந்த கிளையை இழுத்துப் போட்டுட்டு இருந்தார். கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கமா திரும்பி அடிச்சது பாருங்க, அதுல இன்னும் ஆறு போச்சு.

கரண்ட் இல்லாத நாலாவது நாள், வேற வேலை இல்லாம, விழுந்த மரத்தோட வேரை உத்துப் பாத்தேன். ரெண்டு மாடி உயரத்து மரத்துக்கு வேர் தாம்பாளம் மாதிரி தட்டையா இருந்தது. ஒரு பக்கம் மழைநீர் வடிகால் சுவர். இன்னொரு பக்கம் கேபிள் போட வெட்டியிருக்காங்க, வெட்டின இடம் கறுத்து அழுகியே போயிருந்தது. நடைபாதை சிமென்ட் அடிமரத்தை நெருக்கிப் பிடிச்சிருந்தது. அன்னைக்கு எல்லாரும் "வெளிநாட்டு மரம், அதான் விழுந்தது"ன்னு பேசினாங்க. பாதி உண்மைதான், இயல்வாகையோட கட்டை வலுவில்லாததுதான். ஆனா பக்கத்துத் தெருவுல ஒரு வேம்பும் சாஞ்சது, அதுக்கும் வேரு வெட்டுப்பட்டிருந்தது. மண்தரையா இருந்த ஒரு விளையாட்டு மைதானத்துல அதே இயல்வாகை ரெண்டு இன்னைக்கும் நிக்குது. இனத்தை மட்டும் குத்தம் சொல்லிட்டு நாம தப்பிச்சுக்கறோம்னு எனக்கு ஒரு எண்ணம்.

அடுத்த ஆடில நாலு புங்கன் கன்னு வெச்சோம். கன்னு வாங்கறது சுலபம். குழிக்காகத்தான் சண்டை. கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு மீட்டர் சதுரத்துக்கு நடைபாதையை உடைக்கச் சொன்னா, "என் கார் எங்க நிக்கும்?"னு ரெண்டு வீடு. டெல்லியில 2013-லேயே பசுமைத் தீர்ப்பாயம், மரத்தைச் சுத்தி ஒரு மீட்டருக்குள்ள இருக்கற சிமென்ட்டை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டதை பிரின்ட் எடுத்துக் காட்டினேன். யாரும் படிக்கல. கடைசில எதிர்வீட்டுத் தாத்தா நாற்காலியைக் கொண்டுவந்து குழிக்குப் பக்கத்துல போட்டு உக்காந்துக்கிட்டார். வேலை நடந்தது.

ஒரு புங்கனை மாடு மேஞ்சுது. ஒண்ணு மேல தண்ணி லாரி பின்னால ஏறிடுச்சு. 2019 கோடைல ஏரியெல்லாம் வத்தி, குடிக்கவே தண்ணி இல்லாதப்ப, ஏசியில சொட்டற தண்ணியைக் குடத்துல பிடிச்சு மிச்ச ரெண்டுக்கும் ஊத்தினோம். இப்ப அதுங்க முதல் மாடியைத் தாண்டிடுச்சு. உங்க தெருக் கதையையும் சொல்லுங்க, தோத்துப்போன கதையா இருந்தாலும் சரி.

ஓய்வு டீச்சர்:

என் கதை தெருவில் நடந்ததில்லை. தொல்காப்பியப் பூங்காவுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். அடையாற்று உப்பங்கழியை ஒட்டிய 58 ஏக்கர். 2011-ல் திறப்பதற்கு முன் அது எப்படி இருந்தது என்று சாந்தோம் பக்கம் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும். கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி மேடாகிக் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்து, தண்ணீர் வந்து போக வழிவிட்டு, இந்தக் கடற்கரைக்கு உரிய செடிகளைத் தேடிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒருவன், "ஊஞ்சல் எங்க மிஸ்?" என்றான். இல்லை என்றதும் வகுப்பே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அலையாத்தி மரங்களின் ஓரம் சேற்றில் நண்டுகளைப் பார்க்கும் வரைதான். ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும் சின்ன நண்டு. அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். நாங்கள் அசையாமல் நின்றால் வளையிலிருந்து ஐம்பது வெளியே வரும், ஒருவன் தும்மினால் அத்தனையும் மறையும். நாற்பது பிள்ளைகள் பத்து நிமிடம் வாய் திறக்காமல் நின்றதை என் முப்பத்தோரு வருட வேலையில் அன்றுதான் கண்டேன். பிறகு எல்லாரும் சேர்ந்து கையை ஆட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நொய்யல்கரை:

தோத்த கதை நானுங்க. கோயமுத்தூருல ஒரு ரோட்டை அகலப்படுத்தறப்ப எங்க கடைக்கு முன்னாடி இருந்த வேம்பையும் அரச மரத்தையும் வெட்ட வேண்டாம், பேத்து வேற எடத்துல நடலாம்னு நாங்க ஏழெட்டுப் பேரு காசு போட்டோம். கிளையெல்லாம் கழிச்சு, வெட்டுன வாயில சாணியப் பூசி, ஈரச்சாக்கு சுத்தி, கிரேன் வெச்சுத் தூக்கி ஒரு குளத்தோரமா நட்டோம். அரச மரம் ஒரே மாசத்துல செவந்த துளிர் விட்டுச்சு. வேம்பு விடலைங்க. மூணு மாசம் தண்ணி ஊத்தினோம். பட்டையக் கீறிப் பாத்தா முதல்ல பச்சை இருந்துச்சு, அப்புறம் பழுப்பு, அப்புறம் தூளு.

ஆலு, அரசு கிளைய ஒடிச்சு நட்டாலே புடிக்கிற சாதி. வயசான வேம்பை ஆணிவேர அறுத்துட்டு வான்னா எப்படி வரும்? எங்க காசு போனது கெடக்குது. "எல்லா மரத்தையும் மறுநடவு பண்ணிக்கலாம்"னு சொல்றவங்களப் பாத்தா எனக்கு இப்ப பத்திட்டு வருதுங்க.

மாடித்தோட்டம்:

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடறேன், அடிக்க வராதீங்க. எங்க காலனிப் பூங்கா மூலையில மியாவாக்கி காடு போட்டாங்க. ஜப்பான்ல அகிரா மியாவாக்கி சொன்ன முறை, சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னு நெருக்கி வெக்கறது. கோட்டூர்புரத்துல 2020-ல மாநகராட்சி போட்டதைப் பாத்துட்டு ஆசைப்பட்டோம். நெசமாவே வேகமா வளருது. ஆனா உள்ள நடக்க முடியாது, நெழல்ல உக்கார முடியாது. எங்க அத்தை அதை "பச்சைச் சுவர்"னுதான் சொல்றாங்க. அவங்க கேக்கறது ஒரு மரம், கீழ ஒரு பெஞ்ச். ரெண்டு வருஷம் ஆளு வெச்சுத் தண்ணி பாய்ச்ச முடியாதவங்க இதுல எறங்கவே வேண்டாம்.

ஆனா ஒண்ணு. போன மாசம் காலைல கோலம் போடறப்ப, அந்தச் சுவருக்குள்ள இருந்து ஒரு கீரி, பின்னாலயே ரெண்டு குட்டி. என்னையப் பாத்து நின்னு, கோலப்பொடி டப்பாவை மோந்துட்டுப் போச்சு. இருபது வருஷமா இங்க இருக்கேன், கீரியைப் பாத்ததில்ல. அத்தைகிட்ட சொன்னேன். "அது உக்கார பெஞ்ச் கேக்கலையா?"னாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க தெருவைக் கூட்டற அக்கா ஒருநாள் சருகைக் காட்டி, "மரம் வெக்க போட்டோவோட பத்துப் பேர் வராங்க, கூட்டறதுக்கு நான் ஒருத்தி"ன்னாங்க. அதுல இருந்து எங்க வீட்டு வாசல் சருகை நாங்களே அள்ளி மாடித்தொட்டியில போட்டு மக்க வெக்கறோம்.

பீஷான்வாசி:

சிங்கப்பூரிலிருந்து. சின்ன வயதில் நான் பார்த்த காலாங் ஆறு வெறும் சிமென்ட் வாய்க்கால். நேர்கோடாகப் போகும், மழை பெய்தால் பக்கத்தில் போகாதே என்று அம்மா அடிப்பார். பிறகு பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் சுமார் 2.7 கிலோமீட்டருக்கு அந்தச் சிமென்ட்டை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக்கினார்கள். 2012-ல் திறந்தார்கள், 62 ஹெக்டேர். மழை நாளில் தண்ணீர் கரையைத் தாண்டிப் புல்வெளியில் பரவும், அதற்கென்றே இடம் விட்டிருக்கிறது.

ஒருநாள் மகளோடு நடந்தபோது எங்களுக்குப் பத்தடி முன்னால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று பாதையைக் கடந்தது. எட்டு. சைக்கிள்காரர்கள் எல்லாம் இறங்கி வழிவிட்டார்கள். பொறுப்பான குடிமக்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அத்தனை பேர் கையிலும் போன். நீர்நாய்கள் இங்கே அடுக்குமாடிக் குளங்களில் புகுந்து விலையுயர்ந்த கோய் மீன்களைச் சாப்பிட்டுவிடுகின்றன. என் நண்பர் வீட்டுக் குளம் ஒரே இரவில் காலி. அவருக்கு முன்னால் நான் நீர்நாயைப் பற்றிப் பேசுவதில்லை.

மந்தைவெளிக்காரன்:

டீச்சர், அந்த நண்டைப் பாக்க நானும் வரேன். நொய்யல்கரை அண்ணே, அரச மரம் இருக்குல்ல, போட்டோ போடுங்க. மாடித்தோட்டம் அக்கா சொன்ன சருகு விஷயம் எங்க தெருவுலயும் பொருந்தும், வெக்கமாத்தான் இருக்கு.

நடந்த ஒண்ணைச் சொல்லிடறேன். பிப்ரவரில இருந்து காலைல "டொங் டொங்"னு பாத்திரம் தட்டற சத்தம். செம்மார்புக் குக்குறுவான்னு ஒரு சின்னப் பறவை. பக்கத்து வீட்டு முருங்கையில பட்டுப்போன கிளையோட அடிப்பக்கத்துல வட்டமா ஓட்டை போட்டிருக்கு. வர்தாவுக்கு அப்புறம் எங்க தெருவுல அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல. இப்ப புங்கன்ல உக்காந்து கத்துது, முருங்கையில குடும்பம் நடத்துது.

போன சனிக்கிழமை கிளை கழிக்க மின்வாரிய ஆளுங்க வந்தாங்க. கம்பியில உரசறது அதே முருங்கைக் கிளைதான். எதிர்வீட்டுத் தாத்தா இப்ப இல்ல, அதனால நாற்காலியை நான் கொண்டுபோனேன். தேவைப்படல. ஏணியில ஏறின பையன் ஓட்டைக்குள்ள எட்டிப் பாத்துட்டு எறங்கிட்டான். நுனியை மட்டும் தறிச்சு விட்டுட்டு, "குஞ்சு பறந்ததும் போன் பண்ணுங்க சார், வந்து வெட்டிக்கறேன்"னு நம்பர் குடுத்துட்டுப் போனான்.

நேத்து ஒண்ணு ஓட்டைக்கு வெளிய தலையை நீட்டிச்சு. நான் இன்னும் போன் பண்ணல.